பதினேழாம் கேள்விக்கு ஒரே பதில்

என் வேலை என்னவென்று என் அம்மாவுக்கு இன்றுவரை புரியவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால் "மழை ஆபீஸ்ல இருக்கான்" என்று சொல்லி முடித்துவிடுவாள். விசிட்டிங் கார்டில் 'சமூகப் பேரிடர் தாங்குதிறன் மதிப்பீட்டாளர்' என்று இரண்டு வரியில் இருக்கிறது. இடம் போதவில்லை என்று அச்சகக்காரர் என் இன்ஷியலை வெட்டிவிட்டார். சுருக்கமாகச் சொன்னால், வெள்ளமோ தீயோ வந்தால் ஒரு தெரு தாக்குப்பிடிக்குமா என்று பார்த்து நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடுகிறவன் நான். பள்ளிக்கூடத்தில் கணக்கில் முப்பத்தெட்டைத் தாண்டாதவன், பேனாவோடு தெருத்தெருவாகப் போய் மற்றவர்களுக்கு மார்க் போடுவதில் ஒரு சுகம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கால்வாய்த் தெருவில் நாற்பத்தொரு வீடுகள். எல்லாம் ஒரே வரிசை. எதிர்ப்பக்கம் கால்வாய்ச் சுவர். இருபத்தாறாம் வீடு வரை நேராகப் போகும் தெரு, அங்கே முழங்கையை மடக்கின மாதிரி திரும்பிப் பள்ளத்தில் இறங்கும். மேலே இருப்பவர்களுக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே இருப்பவர்களுக்கு மேலே நடப்பது தெரியாது. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் இந்தத் தெருவுக்கு நான் போட்ட மார்க் தொண்ணூற்றொன்று. மாவட்டத்திலேயே முதல். தெருமுனையில் ஒரு பச்சைப் பலகை வைத்தார்கள். அதன் கீழே நின்று நான் போட்டோ எடுத்துக்கொண்டேன், வயிற்றை உள்ளே இழுத்து.

எங்கள் படிவத்தில் இருபது கேள்விகள். பதினேழாம் கேள்வி இது: 'ஆபத்து வந்தால் உங்கள் கதவைத் தட்டிச் சொல்ல யாராவது இருக்கிறார்களா?' ஆம் என்றால் ஐந்து மார்க். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், 'யார்?' என்று. அது சரிபார்ப்புக்கு மட்டும், கம்ப்யூட்டரில் ஏறாது.

ஒன்றாம் வீட்டில் கேட்டேன். "சிலிண்டர் அண்ணன்" என்றார்கள். இரண்டாம் வீட்டிலும் சிலிண்டர் அண்ணன். அந்தத் தெருவுக்குக் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் அவர். யார் வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறது, யாருக்குக் காது கேட்காது, எந்த வீட்டுப் பின்கதவு சாத்தினால் திறக்காது என்று எல்லாமே அவருக்குத் தெரியும், ஏனென்றால் சமையலறை வரைக்கும் போகிறவர். கையோடு வைத்திருக்கும் ஸ்பேனரால் இரும்புக் கதவை மூன்று தட்டு தட்டுவார். டங், டங், டங். நாற்பத்தொரு வீட்டிலும் அதே பதில். படுத்திருப்பவரை யார் தூக்குவார்? அண்ணன். செய்தி யார் கொண்டுவருவார்? அண்ணன். ஐந்து கேள்விக்கு அவர்தான் பதில். நூற்றில் இருபத்தைந்து மார்க் ஒரு மனிதரின் தோளில் உட்கார்ந்திருந்தது.

அது என் கண்ணில் படாமல் இல்லை. பட்டது. ஆபீஸில் உட்கார்ந்து ஏற்றும்போது, "இந்தத் தெருவுக்கு மொத்தமே ஒரு அண்ணன்தான் போல" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். முதல் கட்டத்தில் 'ஆம்' என்று அடித்து, மவுஸால் பிடித்து நாற்பத்தொன்று வரை கீழே இழுத்துவிட்டேன். ஒரு நொடி ஆகியிருக்குமா? ஆகியிருக்காது.

எழுபதுக்குக் கீழே வாங்கிய தெருக்களுக்கு எச்சரிக்கை ஒலிபெருக்கிக் கம்பம் கொடுத்தார்கள். தொண்ணூற்றொன்று வாங்கிய தெருவுக்கு அது எதற்கு?

ஏழு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, மேலே எங்கோ கால்வாய்க் கரை உடைந்தது. மழைக்குக் கதவு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த நேரம். கரண்ட் இல்லை, போன் இல்லை. சிலிண்டர் அண்ணன் தெருமுனையில் வண்டியை விட்டுவிட்டு ஸ்பேனரோடு ஓடினார். ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை தட்டினார். இருபத்தாறில் தட்டிவிட்டுத் திருப்பத்தில் இறங்கும்போது கால்வாய்ச் சுவர் சரிந்தது. மிச்சம் பதினைந்து வீட்டுக்காரர்கள் தட்டலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவரையும் சேர்த்து ஐந்து பேர்.

பேய் என்றால் ராத்திரியில் வரும் என்பார்கள். என்னுடையது ஆபீஸ் நேரத்தில் வந்தது. காலை பத்துக்கு மேல், சாயங்காலம் ஐந்துக்குள். எங்கள் ஆபீஸில் இவ்வளவு ஒழுங்காக வருகிறவர்கள் வேறு யாரும் கிடையாது. லிஃப்டில் கேட்டது. பாத்ரூமில் குழாயைத் திறந்தால் கேட்டது. டங், டங், டங். ஏ.சி.யில் கோளாறு என்று சொல்லி மெக்கானிக்கை இரண்டு தடவை வரவழைத்தேன். இரண்டாம் தடவை அவர், "சார், மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்க வேணா எங்கயாவது காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரிடம் காட்டுவது? என்னவென்று சொல்வது? ஒரு நொடி மவுஸை இழுத்தேன் டாக்டர், அதிலிருந்து காதில் இரும்புச் சத்தம் என்றா?

இந்த வருஷம் எங்கள் மேடம் கூப்பிட்டார்.

"கால்வாய்த் தெரு மறு மதிப்பீடு வருது. போன தடவை நீங்கதானே பாத்தீங்க? நீங்களே போங்க. பயிற்சியெல்லாம் கொடுத்திருக்கோம், எவ்வளவு முன்னேறியிருக்காங்கன்னு காட்டணும்."

"வேற யாராவது..."

"ஏன், அந்தத் தெருவுல யாருக்காவது பாக்கி வச்சிருக்கீங்களா?"

மேடம் விளையாட்டாகத்தான் கேட்டார். நானும் விளையாட்டாகத்தான் சிரித்தேன்.

பச்சைப் பலகை கம்பத்தோடு போயிருந்தது. என்னைத்தான் தெரு மறக்கவில்லை. மூன்றாம் வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் துணி காயப்போடுவதை நிறுத்தினார்.

"அடடே, மார்க்கு சார்! வாங்க வாங்க. இந்தத் தடவை எவ்வளவு? நூறா?"

உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர் குரல் வந்தது: "வேணாம் சார். தொண்ணூத்தொண்ணுக்கே அஞ்சு பேர் போயிட்டாங்க. நூறு போட்டா தெருவே தாங்காது. பாத்து, பாஸ் மார்க்கா போடுங்க."

அவர்கள் சிரித்தார்கள். நானும் படிவத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டு சிரித்து வைத்தேன். பதினேழாம் கேள்விக்கு வந்தேன்.

"யாரு தட்டுவா? அண்ணிதான்."

சிலிண்டர் அண்ணனின் மனைவி. ஊருக்கே அவர் அண்ணன் என்பதால், எழுபது வயசுக்காரர் உட்பட எல்லாருக்கும் இவர் அண்ணி. கணவர் போனபிறகு அதே ஏஜென்சியில், அதே தெருவுக்கு, தள்ளுவண்டியில் வைத்துச் சிலிண்டர் போடுகிறார். நாலாம் வீட்டில் அண்ணி. ஐந்திலும் அண்ணி. பத்தாம் வீட்டில் நான் கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே, "அண்ணி இருக்காங்க, எங்களுக்கென்ன பயம்?" என்றார்கள். மறுபடியும் எல்லா வீட்டுக்கும் ஒரே பேர். பேனா மட்டும் எழுதிக்கொண்டே போனது.

இருபத்தாறாம் வீட்டு டீச்சர் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார். "அண்ணி" என்று சொல்லிவிட்டு, தன் வீட்டையும் அடுத்த வீட்டையும் பிரிக்கும் சுவரை ஒரு தடவை பார்த்தார். சாத்திக்கொண்டார்.

இருபத்தேழில் ஒரு டெய்லர். வயசு அறுபதுக்கு மேல். ஜன்னலோரம் தையல் மிஷின். கதவுக்குப் பக்கத்தில் தரையில் வாய் கட்டின ஒரு துணிப்பை. எல்லாக் கேள்விக்கும் பட்டனுக்குக் காஜா எடுக்கிற நிதானத்தோடு பதில் சொன்னார். பதினேழுக்கு, "அண்ணன்" என்றார்.

"அண்ணின்னு எழுதிக்கட்டுமா?"

"அண்ணன்னுதான் சொன்னேன்."

"ஐயா, அண்ணன் வந்து..."

"எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு சார். அவர் செத்துட்டாருன்னு தெரியும். யாரு தட்டுவாங்கன்னு கேட்டீங்க. மழை வந்தா அவர்தான் தட்டறாரு. எந்திரிச்சுப் போய்த் திறப்பேன், ஆள் இருக்காது. ஆனா தட்டினது அவர்தான். வேற யாரும் இதுவரைக்கும் தட்டல. இல்லாததையா எழுதச் சொல்றீங்க?"

நான் துணிப்பையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அன்னிக்கு என் வீட்டுக்காரி கட்டி வச்சது. ரேஷன் கார்டு, மாத்திரை, என் கண்ணாடி எல்லாம் இருக்கு. மழைச் சத்தமே சரியில்லை, கிளம்பலாம்னு நான் சொன்னேன். அவதான், 'அண்ணன் இன்னும் வரலையே. வரலைன்னா ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்'னா. நியாயமான பேச்சு சார் அது. முப்பது வருஷத்துல அவ பேசினதுலயே நியாயமான பேச்சு. நானும் ஒத்துக்கிட்டேன்." மிஷின் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினார், ஊசியில் நூல் இல்லை. "போன தடவை நீங்க இதே கேள்விக்குச் சிரிச்சுக்கிட்டே டிக் போட்டீங்க. அவளும் சிரிச்சா. ஞாபகம் இருக்கா?"

இருந்தது.

நாற்பத்தொன்றாம் வீடு, கடைசி. ஏஜென்சியின் காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு அண்ணி வாசலில் தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். உள்ளே கூப்பிட்டு, காலி சிலிண்டர் ஒன்றின் மேல் பலகை போட்டு உட்காரச் சொன்னார்.

"உங்க கதவை யாரு தட்டுவா அண்ணி?"

"எனக்கா?" என்று சிரித்தார். "நான்தானே தட்டறவ. அவர் இருந்தப்பவே எங்க வீடு கடைசிதான். ஊருக்கெல்லாம் சிலிண்டர் போட்டுட்டு, எங்க வீட்டுல ரெண்டு நாள் அடுப்பு எரியாது. அன்னிக்கும் நான் கடைசி. தண்ணி பாதி வீடு ஏறினப்புறம் நானா மொட்டைமாடித் தொட்டி மேல ஏறிட்டேன்." பிறகு என் மடியிலிருந்த படிவக் கட்டைப் பார்த்தார். "மத்தவங்க என்ன சொன்னாங்க?"

காட்டக் கூடாது. விதி அப்படி. காட்டினேன்.

ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். பத்தாவதிலேயே சிரிப்பு போய்விட்டது. கடைசித் தாளை வைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"முப்பத்தொம்பதுல நான்."

"ஆமா."

"எடுங்க என் பேரை."

"அவங்க சொன்னதை நான் எப்படி அண்ணி..."

"சார், எனக்குச் சாகறதுக்குப் பயம் இல்லை. என்ன பயம்னா, தண்ணி வந்தா நான் போவேன். அதான் பயம். முப்பத்தொம்பது வீட்டுல ஆளுங்க கதவுக்குப் பின்னால பையைக் கட்டிக்கிட்டு என்னை எதிர்பாத்து உக்காந்திருக்காங்கன்னு தெரிஞ்சா, என் கால் நிக்காது. அவர் காலும் நிக்கல. நிறுத்திப் பாத்தேன், அன்னிக்குக் காலையில இந்த மழையில வண்டி எடுக்காதீங்கன்னு சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். நிக்கல. என் பேரு இருக்கற வரைக்கும் நான் செத்தவதான். எடுங்க."

அப்போதுதான் சொன்னேன். தட்டச்சு, மவுஸ், பக்கத்து சீட்டுக்காரர், சிரிப்பு, ஒலிபெருக்கிக் கம்பம், எல்லாம். என் குரல் எனக்கே யாரோ படிவம் வாசிப்பதுபோல் கேட்டது.

அண்ணி படிவக் கட்டை என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, "நாப்பத்தோரு தடவை அவர் பேரை எழுதினீங்களே, கை வலிக்கலையா?" என்றார்.

"எழுதல அண்ணி. 'ஆம்'னு ஒரு தடவை அடிச்சுக் கீழ இழுத்தேன்."

"ஓ." எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "இந்தத் தடவை இழுக்க முடியாது. வீடு வீடா நடங்க."

நடந்தேன். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு இரண்டு வாரம். யோசனை ரொம்பச் சின்னது. கால்வாய் மதகு ஆபீஸிலிருந்து ஒன்றாம் வீட்டுக்குப் போன் வரும். போன் செத்துப்போனாலும் தண்ணீர் முதலில் எட்டிப் பார்ப்பது ஒன்றாம் வீட்டைத்தான். ஒன்று இரண்டைத் தட்ட வேண்டும், இரண்டு மூன்றை. ஒரே விதி: அடுத்த வீட்டு ஆளின் முகத்தைப் பார்க்காமல் அங்கிருந்து நகரக் கூடாது. பார்த்தபிறகு பள்ளிக்கூட மாடிக்குப் போய்விடலாம். யாரும் ஒரு கதவுக்கு மேல் தட்ட வேண்டாம்.

சின்ன யோசனைதான், ஆனால் பன்னிரண்டும் பதின்மூன்றும் ஒரு சாக்கடைக் குழாய்க்காக ஆறு வருஷமாகப் பேசுவதில்லை. "பேச வேண்டாம் சார், தட்டினா போதும்" என்று பன்னிரண்டாம் வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். "தட்டறதுன்னா எனக்கும் ஆசைதான். கதவை மட்டும்தானா?" என்றார். முப்பத்திமூன்றில் நாய் இருக்கிறது, முப்பத்திரண்டுக்கு அதைக் கண்டால் பயம். பத்தொன்பதில், "அதான் அண்ணி இருக்காங்களே, எதுக்கு இந்தக் கூத்து?" என்றார்கள். "அவங்கதான் வேணாங்கறாங்க" என்றேன். "அண்ணியா? எங்களையா வேணாங்கறாங்க?" என்று அந்த வீட்டம்மா நிஜமாகவே கண் கலங்கினார். பாசமும் ஒரு கயிறுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கட்டப்பட்டவருக்கு அது கொஞ்சமும் மெத்தென்று இருக்காது.

எல்லா வீட்டுக்கும் ஒரே ஆள் என்றால் அதற்கு மார்க் போட மாட்டேன் என்று மேடத்திடம் போனில் சொன்னேன்.

"அப்ப மார்க் குறையுமே?"

"குறையும் மேடம்."

"எவ்வளவு?"

"இருபத்தஞ்சு. தொண்ணூத்தொண்ணு அறுபத்தாறாகும். கம்பம் கிடைக்கும்."

அந்தப் பக்கம் பெருமூச்சு மட்டும் கேட்டது. அப்படியே போடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேடம் நல்லவர்தான், மேலே அவருக்கும் ஒருவர் மார்க் போடுகிறார், அவ்வளவுதான்.

எல்லாரும் சம்மதித்தார்கள், டீச்சரைத் தவிர.

"நான் இருபத்தேழைத் தட்ட மாட்டேன். இருபத்தெட்டை வேணா தட்டறேன். இருபத்தொம்பதையும் சேத்துத் தட்டறேன்."

"ஏன் டீச்சர்?"

பிள்ளைகளின் நோட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். அடுக்கியது சரிந்தது, மறுபடி அடுக்கினார். "அண்ணன் தட்டினதும் பசங்களை மாடிக்கு ஏத்தினேன். படியிலேர்ந்து பாத்தேன், அவர் திருப்பத்துல இறங்கினதை. சுவர் விழுந்ததைப் பாத்தேன். இங்க நடுவுல ஒரு செங்கல் சுவர்தான் சார். டெய்லர் வீட்டம்மா இருமினா எனக்குக் கேக்கும். நான் சுவரை ஒரு தடவை கையால தட்டியிருந்தாக்கூட அவங்களுக்குக் கேட்டிருக்கும். தட்டல. ஏன் தட்டலைன்னு கேக்காதீங்க. தட்டறது அண்ணன் வேலைன்னு இருந்துட்டேன். செத்துப்போனவரோட வேலைன்னு." நோட்டை விட்டுவிட்டார். "ரெண்டு வருஷமா டெய்லர் முகத்தை நான் நேரா பாத்ததில்ல. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இப்பப் போய்த் தட்டறது?"

என் மூஞ்சியும் அந்தக் கடையில் வாங்கினதுதான்.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. டீச்சர் வருவாரா என்று கடைசி வரை தெரியாது. நான் இருக்க வேண்டிய இடத்தை அண்ணியே முடிவு செய்தார்: "என் வீட்டுல உக்காருங்க. நான் வெளிய போகாம நீங்கதான் பாத்துக்கணும்."

இரும்புக் கட்டிலில் அவர், சிலிண்டர் மேல் நான். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அலமாரியில் ஸ்பேனர் இருந்தது. சுவர்க் கடிகாரம் பத்தைத் தொட்டதும் ஒன்றாம் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அன்னிக்கு ஒண்ணாம் வீட்டுல தண்ணி நுழைஞ்சு, இங்க வர இருபது நிமிஷம்" என்றார் அண்ணி.

முதலில் சத்தம் ரொம்ப தூரத்தில், திருவிழாக் கூட்டம் மாதிரி. தட்டல்கள், "யாரு?", "நான்தான், திறங்க", சிரிப்பு, ஒரு நாய். வரவர நெருங்கியது. பன்னிரண்டு நிமிஷத்தில் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் கேட்டது. பிறகு நின்றது.

ஒரு தட்டல் மட்டும் ஒரே இடத்தில் கேட்டது. கைமுட்டியால். இடைவெளி விட்டு, மறுபடி. யாரும் திறக்கவில்லை.

"இருபத்தேழு" என்றார் அண்ணி.

டீச்சர் வந்திருக்கிறார் என்று எனக்குள் ஏதோ துள்ளியது. கதவு திறக்கவில்லை என்றதும் அடங்கியது. டெய்லர் உள்ளேதான் இருப்பார். கைத்தட்டலுக்கு அவர் எழுந்திருக்க மாட்டார். இரண்டு வருஷமாக அவர் காத்திருப்பது இரும்புச் சத்தத்துக்கு.

அப்போது அதுவும் கேட்டது. வெளியே வெயில், மழை இல்லை. டங். டங். டங். மெதுவாக, திருப்பத்திலிருந்து.

அண்ணி என்னைப் பார்த்தார். "கேக்குதா?"

"எது?"

"இரும்பு."

"இல்லையே" என்றேன்.

"எனக்கும் இல்ல" என்றார்.

பதினாறு நிமிஷம். அண்ணி எழுந்துவிட்டார். கை அலமாரிக்குப் போனது.

"நான் போய் இந்த ஸ்பேனரால ஒரு தட்டு தட்டினா திறந்துடுவாரு சார். ஒரே தட்டு."

"திறந்துடுவாரு."

"அங்கேர்ந்து மத்தது எல்லாம் நடந்துடும்."

"நடந்துடும். அப்புறம் எல்லா மழைக்கும் நீங்கதான் போய்த் தட்டணும் அண்ணி."

ஸ்பேனரின் மேல் கையை வைத்தார். நான் எழுந்து கதவை மறிக்கவில்லை. மறிக்க எனக்கு என்ன யோக்கியதை? அவர் அங்கேயே நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஸ்பேனரை எடுக்காமலே திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கைகளை மறுபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இருபது நிமிஷம்.

"இப்ப வாசல்படி" என்றார், தரையைப் பார்த்து. எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

இருபத்திரண்டு. "கட்டில் கால்."

காலைத் தூக்கி மடக்கிக்கொண்டார். நானும் தூக்கிக்கொண்டேன், ஏனென்று கேட்காதீர்கள். காய்ந்த சிமெண்ட் தரை. ஆனாலும் அதில் என் காலை வைக்கத் தைரியம் வரவில்லை.

"இப்ப அடுப்பு. சிலிண்டர் மிதக்குது, ஒண்ணோட ஒண்ணு மோதிக்குது. இப்ப நான் வெளிப்படியில ஏறறேன். அவர் பேரைச் சொல்லிக் கத்தறேன்."

தூரத்தில் கைத்தட்டல் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. இரும்பும் அதோடு சேர்ந்து கேட்டது. எது எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

இருபத்தாறாவது நிமிஷத்தில் இரண்டும் நின்றன.

அப்புறம் ஒரு கதவு. அதற்கடுத்த கதவு. திருப்பத்துக்கு இந்தப் பக்கம்! நாய் குரைத்தது, யாரோ அதைத் திட்டினார்கள், முப்பத்திமூன்று தாண்டியது. தட்டல்கள் எங்களை நோக்கி ஒவ்வொன்றாக வந்தன. முப்பத்துநாலாவது நிமிஷம், எங்கள் கதவு.

அண்ணி அசையவில்லை.

"யாரு?" சத்தமாக மறுபடி கேட்டார். "யாரு?"

"நாப்பது! வேற யாரு? வெளிய வாங்க அண்ணி, மூஞ்சியைக் காட்டுங்க."

அண்ணி எழுந்தார், தன் காக்கிச் சட்டையைப் பார்த்தார். "இரு, வேற புடவை கட்டிக்கிட்டு வரேன்."

"தண்ணி வரும்போது புடவையா? எங்களை எப்படித் திட்டுவீங்க இதுக்கு!"

"இருன்னா இரு!" என்று உள்ளறைக்குள் போனார். அவர் புடவை மாற்றவில்லை. உள்ளே கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, அதே சட்டையோடு வெளியே வந்தார்.

பள்ளிக்கூட மாடியில் நாற்பத்தொரு வீடும் இருந்தது. பன்னிரண்டும் பதின்மூன்றும் அடுத்தடுத்து நின்றுகொண்டு, தாங்கள் அடுத்தடுத்து நிற்பதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்கள். டீச்சரின் கைமுட்டியில் தோல் உரிந்திருந்தது.

"தட்டிக்கிட்டே இருந்தேன். உள்ளேர்ந்து 'யாரு'ன்னே கேக்கல. முகத்தைப் பாக்காம நகரக் கூடாதுன்னு நீங்க விதி போட்டுட்டீங்க. ரொம்ப நேரம் கழிச்சு 'யாரு'ன்னாரு. 'இருபத்தாறு'ன்னேன். 'ரெண்டு வருஷம் லேட்டு'ன்னாரு." டீச்சர் உரிந்த கைமுட்டியைப் பார்த்துக்கொண்டார். "'ஆமா'ன்னேன். அப்புறம்தான் திறந்தாரு."

டெய்லர் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். துணிப்பையைக் கொண்டுவந்திருந்தார். "எழுதிக்குங்க சார்" என்றார் என்னிடம். "பதினாலு நிமிஷம் என்னால. முப்பத்துநாலுல பதினாலு போனா இருபது."

படிவக் கட்டையும் பேனாவையும் அண்ணி கேட்டு வாங்கினார். தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளிலும் பதினேழாம் கட்டத்தில் தன் பேரை அடித்தார். இழுத்து அடிக்கவில்லை, ஒவ்வொன்றாக, வீட்டு எண்ணைச் சொல்லி அடித்தார். அந்தந்த வீட்டுக்காரர்கள் முன்னால் வந்து, பக்கத்து வீட்டின் எண்ணை எழுதினார்கள். பத்தொன்பதாம் வீட்டம்மா மட்டும் எழுதும்போது மூக்கை உறிஞ்சினார்.

இருபத்தேழாம் தாள் வந்ததும் அண்ணியின் கை நின்றது. அதில் அவர் பேர் இல்லை. கணவரின் பேர் இருந்தது. பேனாவை டெய்லரிடம் நீட்டினார்.

டெய்லர் அதை அடிக்கவில்லை. கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, அண்ணன் பேருக்குக் கீழே, நெருக்கியடித்து, 'இருபத்தாறு' என்று எழுதினார். ஒரு கட்டத்தில் ஒரு பேர்தான் என்று சொல்ல என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். பதினைந்து வருஷ சர்வீஸில் நான் செய்த உருப்படியான மதிப்பீடு அதுதான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடியும்" என்றேன். "அதே பத்து மணி."

"நான் முன்னாடியே கதவைத் திறந்து வச்சிடறேன்" என்றார் டெய்லர்.

"மூடியே வைங்க" என்றார் டீச்சர். "நான் தட்டறேன்."

கூட்டம் கலைய ஆரம்பித்தது. அண்ணி தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி என்னிடம் கொடுத்தார். பிறகு, மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு சின்னக் குரலில் சொன்னார்:

"இருபது நிமிஷத்துக்குள்ள வந்துடுங்க. நான் உள்ளேயேதான் இருப்பேன்."